எலக்ட்ரிக் கார் எது நல்லது டாக்டர்?

நீளமான இழை. எலக்ட்ரிக் கார் வாங்கற யோசனையில் இருக்கிறவங்க பொறுமையா படிங்க. மத்தவங்க சேமிச்சு வச்சுக்குங்க, என்னைக்காவது உதவும்.

போன மாசம் ஓ.பி.யில் ஒருத்தர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்). பி.பி. 160/100. மாத்திரை ஒழுங்கா போடறார், ஊறுகாயை விட்டுட்டார், நடக்கறார். ஆனா இறங்கவே மாட்டேங்குது. தூக்கம் எப்படின்னு கேட்டதும் சிரிச்சார். "எங்க சார் தூக்கம்? எலக்ட்ரிக் காரு எடுத்தேன். மாசம் 28,000 டியூ." பெட்ரோல் செலவு மிச்சமாகுமேன்னு கேட்டேன். "அப்படித்தான் சார் சொன்னாங்க." தினம் எவ்வளவு ஓடுதுன்னு கேட்டா, மாசத்துக்கு ரெண்டு தடவை பாண்டி, மத்தபடி நெட்டப்பாக்கம் மடுகரை வரைக்கும்தானாம்.

பி.பி. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். அந்த 28,000-க்கு என்கிட்ட மாத்திரை இல்லை.

நானும் சில மாசமா கார் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். கரையாம்புத்தூர் பக்கம் வீடு, டூட்டிக்குப் போக வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. இது தெரிஞ்சதுல இருந்து ஆஸ்பத்திரியில் வார்டு பாய் அண்ணன்ல இருந்து சீனியர் வரைக்கும் ஒரே கேள்வி: "எது நல்லது டாக்டர்?"

"எந்த டானிக் நல்லது சார்?" மாதிரியான கேள்வி இது. யாருக்கு, என்ன பிரச்சனைக்குன்னு தெரியாம பதில் சொன்னா நான் டாக்டர் இல்லை, மருந்துக் கம்பெனி ஏஜெண்ட். ஆனா யூட்யூப்ல ஓடற ஒப்பீட்டு வீடியோக்கள்ல பாதிக்கு மேல இந்த வேலையைத்தான் செய்யுது. திரை எத்தனை இன்ச், 0-வில் இருந்து 100 எத்தனை செகண்ட்ல, கண்ணாடிக் கூரை எவ்வளவு பெருசு! நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல கண்ணாடிக் கூரைக்குக் கீழ உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம மாதிரி கிராமத்துல இருந்து வேலைக்குப் போய் வர ஆளுக்கு எலக்ட்ரிக் கார் அருமையான வண்டி. ஆனா நிறைய பேர் தேவைக்கு மேல பெரிய பேட்டரிக்குக் காசு கொடுக்கறாங்க. அந்தக் காசு பேட்டரிக்கு இல்லை, பயத்துக்குப் போகுது. அந்தக் காசுல சின்னப் பங்கை வீட்டு வயரிங்குக்குப் போடுங்கன்னுதான் சொல்ல வரேன்.

முதல்ல கணக்கு.

எலக்ட்ரிக் கார்ல பேட்டரி அளவை கிலோவாட் ஹவர்னு சொல்வாங்க. குழம்பாதீங்க, அது நம்ம கரண்ட் பில்லுல வர அதே யூனிட்தான். 24 கிலோவாட் ஹவர் பேட்டரின்னா 24 யூனிட் பிடிக்கும் டேங்க். சின்ன கார் ஒரு யூனிட்டுக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாகறதையும் சேர்த்து, 7 கிலோமீட்டர் கொடுக்கும்னு வச்சுக்கலாம்.

தினம் 60 கிலோமீட்டர், மாசம் 26 நாள். 1,560 கிலோமீட்டர். அதுக்கு 223 யூனிட் வேணும். யூனிட் 8 ரூபாய்னு கூட்டியே போட்டாலும் 1,800 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும். இதே பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தா 104 லிட்டர். நம்ம புதுச்சேரி பங்க்ல பெட்ரோல் பக்கத்துத் தமிழ்நாட்டை விட நாலஞ்சு ரூபாய் குறைச்சல்தான், அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் இங்க வந்து டேங்க் ரொப்பறாங்க. இருந்தாலும் 97 ரூபாய்னு போட்டா 10,000-ஐத் தாண்டுது. ஆக மாசம் 8,000-க்கு மேல மிச்சம். வருஷத்துக்கு ஒரு லட்சம் ஒட்டி. இது நிஜமான மிச்சம்.

இப்போ அந்த பி.பி. அண்ணன் கணக்கு. அவருக்கு மாசம் 400 கிலோமீட்டர் கூட ஓடாது. பெட்ரோல் போட்டிருந்தா 2,600. கரண்ட்ல 460. மிச்சம் 2,100 ரூபாய் சொச்சம். அவ்வளவுதான்.

கடன் பக்கம் பாருங்க. 9 சதவீத வட்டி, 7 வருஷம்னா ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் 1,600 ரூபாய் டியூ. "பெரிய பேட்டரியா எடுத்துடலாம் சார், எதுக்கும் இருக்கட்டும்"னு சொல்லி 6 லட்சம் அதிகமா கடன் வாங்கினா மாசம் 9,600. தினம் 60 கிலோமீட்டர் ஓட்டற எனக்கே பெட்ரோல்ல மிச்சமாகறது முழுக்க அதுலயே போயிடும். மாசம் 400 ஓட்டறவருக்கு? அதான் 160/100.

கம்மியா ஓட்டறவங்களுக்கு பெட்ரோல் கார்தான் லாபம்னு தைரியமா சொல்லலாம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. எலக்ட்ரிக்குக்கு 2019 ஆகஸ்ட்ல இருந்தே 5 சதவீதம்தான், அதுல மாற்றம் இல்லை. ஆக ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற விலை வித்தியாசம் முன்னைவிடக் கூடியிருக்கு. இதை ஷோரூம்ல யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க.

ஒரு ஷோரூம்ல என்கிட்ட "லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரி விலக்கு இருக்கு டாக்டர், 80 இ.இ.பி."ன்னு சொன்னாங்க. அந்தச் சலுகை 2023 மார்ச் 31-க்குள்ள அனுமதியான கடனுக்கு மட்டும்தான். அந்தத் தம்பி வேணும்னே சொன்ன மாதிரி தெரியல, அவருக்கு யாரோ பழைய பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீங்க ஏமாறாதீங்க.

சரி, மாடலுக்கு வருவோம்.

விளம்பரத்துல போடற ரேஞ்ச், சோதனைக் கூடத்துல உருளை மேல வண்டியை நிதானமா ஓட்டி எடுத்த கணக்கு. ஏ.சி. போட்டு நாலு பேரோட நம்ம ரோட்டுல போனா அதுல மூணுல ரெண்டு பங்குன்னு வச்சுக்குங்க. நெடுஞ்சாலையில 100-ல போனா இன்னும் குறையும். அந்த மூணுல ரெண்டு பங்கு, உங்க தினசரி ஓட்டத்தைப் போல மூணு மடங்கு இருந்தா போதும். ஏன் மூணு மடங்கு? ஒரு ராத்திரி கரண்ட் இல்லாம போகும். எட்டு வருஷத்துல பேட்டரியும் கொஞ்சம் தேயும். அதுக்கு மேல வாங்கறது, ஊருக்கு எடுத்துட்டுப் போற பெட்டியில ரெண்டு போர்வை அதிகமா வைக்கற மாதிரி. தினமும் தூக்கிச் சுமக்கணும்.

எம்.ஜி. காமெட். 17.3 யூனிட் பேட்டரி, 3 மீட்டருக்கும் குறைவான நீளம். தினம் 30, 40 கிலோமீட்டர் தனியாளா போறவங்களுக்கு சரி. ஃபாஸ்ட் சார்ஜர்ல போட முடியாது. ரெண்டே கதவு. மூட்டுவலி இருக்கிற அம்மாவைப் பின் சீட்டுல ஏத்திப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

டாடா டியாகோ இ.வி. 2022-ல வந்தது. 19.2, 24 யூனிட்னு ரெண்டு பேட்டரி. 24 யூனிட் எடுத்தா நிஜத்துல 180-ல இருந்து 200 கிலோமீட்டர் வரும்னு எதிர்பார்க்கலாம். என் 60-க்கு இதுவே போதும். நிறைய பேருக்கு இதுவே போதும். "டாக்டர் டியாகோல வராரே"ன்னு நாலு பேர் பேசுவாங்கங்கறது மட்டும்தான் குறை. அது பேட்டரி குறை இல்லை.

பஞ்ச் இ.வி. 2024 ஜனவரியில 25, 35 யூனிட் பேட்டரிகளோட வந்துச்சு. தரையில இருந்து 190 மில்லிமீட்டர் உயரம். டியாகோ இ.வி.க்கு 166. பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில தினமும் போறவங்களுக்கு இந்த ஒரு இன்ச் வித்தியாசம் நல்லாவே தெரியும். பேட்டரி வண்டிக்கு அடியிலதான் இருக்கு, மறந்துடாதீங்க.

நெக்ஸான் இ.வி., விண்ட்சர், இதெல்லாம் குடும்பத்தோட அடிக்கடி வெளியூர் போறவங்களுக்கு. அதுக்கு மேல ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பி.இ. 6, தூத்துக்குடியில 2025 ஆகஸ்ட்ல ஃபேக்டரி திறந்த வின்ஃபாஸ்ட் எல்லாம் இருக்கு. நல்ல வண்டிங்கதான். தினம் 150 கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அந்தக் காசு திரும்பி வரும். நமக்கு வராது.

விண்ட்சர் 2024 செப்டம்பர்ல வரும்போது ஒரு புது வழியைக் காட்டினாங்க. பேட்டரி இல்லாம 9.99 லட்சம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. முழுசா வாங்கினா 13.50 லட்சம். கேக்க நல்லா இருக்கு. என் 1,560 கிலோமீட்டருக்கு மாசம் 5,460 ரூபாய் வாடகையே வருது, கரண்ட் தனி. அஞ்சு வருஷத்துல 3.27 லட்சம் கட்டியிருப்பேன், பேட்டரி அப்பவும் என்னுது ஆகாது. குளுக்கோமீட்டரை மலிவா கொடுத்துட்டு ஸ்ட்ரிப்ல காசு பார்க்கற கதைதான். ரொம்பக் கம்மியா ஓட்டறவங்களுக்கு லாபமான்னு பார்த்தா, மாசத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியே ஆகணும்னு நிபந்தனை இருக்கான்னு கேளுங்க. கையெழுத்துக்கு முன்னாடி.

விபத்துப் பிரிவுல ராத்திரி நின்னவன்ங்கற முறையில ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். திரையைப் பார்க்கறதுக்கு முன்னாடி மோதல் சோதனை மதிப்பெண்ணைப் பாருங்க. பஞ்ச் இ.வி.யும் நெக்ஸான் இ.வி.யும் 2024-ல பாரத் என்கேப்ல 5 ஸ்டார். அதே வருஷம் குளோபல் என்கேப் சோதனையில சிட்ரோன் இசி3-க்குப் பெரியவங்க பாதுகாப்புல பூஜ்யம். நம்ம ரோட்டுல பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ராத்திரி எட்டு மணிக்கு நடு ரோட்டுல நிக்கும். எலக்ட்ரிக் வண்டி மிதிச்ச உடனே சட்டுனு பாயும், சத்தமும் இருக்காது, வேகம் போறதே தெரியாது. பின் சீட்டுக்காரங்களும் பெல்ட் போடுங்க.

பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போய் பின் சீட்டுல அரை மணி நேரம் உட்கார வச்சுப் பாருங்க. அடியில பேட்டரி இருக்கிறதால சில வண்டியில பின்பக்கத் தரை மேல வந்திருக்கும். முட்டி மேல தூக்கி நிக்கும், தொடைக்கு அணை இருக்காது. மூட்டுத் தேய்மானம் உள்ளவங்களுக்கு ஒரு மணி நேரத்துல வலி ஆரம்பிச்சிடும். எங்க அப்பாவை வச்சு நாலு வண்டி பார்த்தேன். அவர் எல்லாத்துக்கும் "நல்லாதான்டா இருக்கு"ன்னுதான் சொன்னார். இறங்கும்போது எதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறார்னு பார்த்துதான் மார்க் போட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். எர்த்.

நம்ம ஊர் வீடுகள்ல பாதிக்கு எர்த் வயர் பேருக்குத்தான் இருக்கு. எப்பவோ வீடு கட்டும்போது குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டது, அதுக்கப்புறம் யாரும் தண்ணி கூட ஊத்தல. மிக்ஸி ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், ஒண்ணும் தெரியாது. எலக்ட்ரிக் காரைச் சொருகினதும் "எர்த் இல்லை"ன்னு சார்ஜர்ல சிவப்பு விளக்கு எரியும். சார்ஜ் ஏறாது. அது வண்டியோட குறை இல்லை, உங்க உயிரைக் காப்பாத்தற ஏற்பாடு.

அடுத்து என்ன நடக்கும்? பக்கத்துத் தெரு வயர்மேனைக் கூப்பிடுவோம். அவர் ப்ளக் பாயிண்ட்டைத் திறந்து நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயரால சேர்த்துக் கட்டிடுவார். பச்சை விளக்கு வந்துடும். 200 ரூபாய் வாங்கிட்டுப் போயிடுவார். எல்லாருக்கும் சந்தோஷம்.

என்னைக்காவது காத்துல, மழையில அந்த நியூட்ரல் லைன் அறுந்தா, கரண்ட் திரும்பிப் போற வழி இல்லாம எர்த் வயர் வழியா நேரா வண்டி பாடிக்கு வரும். முழு வண்டியும் 230 வோல்ட்ல நிக்கும். ரப்பர் டயர் இருக்கிறதால தரைக்கும் போகாது. காலையில வெறுங்காலோட ஈரத் தரையில நின்னு யாராவது கதவைத் தொடற வரைக்கும் அது காத்துக்கிட்டிருக்கும். அது நீங்களா இருக்கணும்னு இல்லை. கோலம் போட வர உங்க அம்மாவா இருக்கலாம், வண்டிக்கடியில போன பந்தை எடுக்கற பிள்ளையா இருக்கலாம். மின்சாரம் தாக்கிக் கொண்டு வரவங்களைப் பார்த்தவன் சொல்றேன், அதுல நாங்க செய்யறதுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் மிச்சம் இருக்காது.

அதனால வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு புது எர்த் போடுங்க. போர்டுல இருந்து காருக்குன்னே தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எட்டு மணி நேரம் விடாம 3 கிலோவாட் இழுக்கும், அயர்ன் பாக்ஸ் மாதிரி அஞ்சு நிமிஷ வேலை இல்லை இது. மின்துறையில உங்க வீட்டுக்கு அனுமதிச்ச லோடு எவ்வளவுன்னு பாருங்க, பத்தலைன்னா எழுதிக் கொடுத்துக் கூட்டுங்க. வேகமா ஏறும்னு 7.2 கிலோவாட் சார்ஜர் கேக்கறவங்க, கோடையில உங்க தெரு வோல்டேஜை ஒரு ராத்திரி அளந்து பார்த்துட்டுக் கேளுங்க. எல்லா வீட்லயும் ஏ.சி. ஓடற நேரத்துல ஃபேனே சோம்பேறியா சுத்தற தெருவுல அது வீண் செலவு. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு காலையில ஆறு மணிக்கு எடுக்கறவங்களுக்கு சாதா 16 ஆம்பியர் பாயிண்ட் தாராளம்.

அடுத்த கேள்வி எல்லாரும் கேக்கறது. "நடு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தா? சார்ஜ் இல்லைன்னா?"

இந்த பயம் ஒண்ணுதான் நம்ம ஜனங்களை 6 லட்சம் அதிகமா கட்ட வைக்குது. இதுக்கு மட்டும் டாக்டரா பதில் சொல்றேன். நெஞ்சு வலின்னா கார் சாவியைத் தேடாதீங்க, முதல்ல 108. வழியில இதயத் துடிப்பு தடுமாறினா கார் ஓட்டற மகனால ஒண்ணும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸ்ல செய்ய முடியும். வண்டி வர நேரமாகும்னு சொன்னா, ஈ.சி.ஜி. எடுக்கற வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. நேரா ஜிப்மருக்கே போனாலும் நம்ம ஊர்ல இருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். டியாகோவோட சின்னப் பேட்டரியில 30 சதவீதம் இருந்தாலே அது முடியும். ஆக தேவை பெரிய பேட்டரி இல்லை, 30-க்குக் கீழ இறங்க விடாத பழக்கம். போனை ராத்திரி சொருகறோம்ல, அதேதான்.

பேஸ்மேக்கர் வச்சவங்க எலக்ட்ரிக் கார்ல போகலாமான்னும் கேக்கறாங்க. தாராளமா போகலாம். ஜெர்மனியில இதயக் கருவி வச்ச 130 பேரை ஃபாஸ்ட் சார்ஜர் பக்கத்துலயே நிக்க வச்சு, சொருக வச்சு சோதிச்சுப் பார்த்து 2023-ல வெளியிட்டாங்க. எந்தக் கருவியும் தடுமாறல. சார்ஜர் கேபிளைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்காம இருந்தா சரி.

இனி எனக்கே பதில் முழுசா திருப்தி இல்லாத இடம். வெள்ளம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் ஒட்டி மழை. ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணையில இருந்து தண்ணி திறந்து, தென்பெண்ணை கரையோர ஊர்கள்ல, பாகூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. 2011 டிசம்பர் தானே புயலை நம்ம ஜனங்க இன்னும் மறக்கல, எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம். இப்படி ஒரு வாரம் வரும்போது எலக்ட்ரிக் கார் மட்டும் வச்சிருந்தா சங்கடம்தான். மறைக்கறதுக்கு இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே முழுசா சார்ஜ் ஏத்தி மேட்டுல கொண்டு போய் நிறுத்தணும். ரெண்டு வண்டி இருக்கிற வீட்டுல ஒண்ணு பெட்ரோலா இருக்கட்டும்.

பேட்டரிக்கு ஐ.பி. 67ன்னு பெருமையா சொல்வாங்க. அது ஒரு மீட்டர் நல்ல தண்ணியில அரை மணி நேரம் வச்சுப் பார்க்கற சோதனை. சேத்துத் தண்ணியில ரெண்டு ராத்திரி நிக்கறது வேற. வெள்ளத்துல நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, சார்ஜர் சொருகாதீங்க, வீட்டை ஒட்டி நிறுத்தாதீங்க. இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்க. இன்சூரன்ஸ்ல பேட்டரிக்கு வெள்ள சேதம் உண்டான்னு எழுத்துல வாங்கிக்குங்க. ஆத்தங்கரைத் தாழ்வுல வீடு, மேடான இடம் பக்கத்துல இல்லைன்னா, இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பெட்ரோல் வண்டிதான் சொல்வேன்.

சென்னைப் பயணம்? இங்க இருந்து 170 கிலோமீட்டர் ஒட்டி. வருஷத்துக்கு நாலு தடவை போறதுக்காகப் பெரிய பேட்டரி வாங்கறதை விட, வழியில சாப்பிடற நேரத்துல சார்ஜ் போட்டுக்கலாம், இல்லைன்னா அன்னைக்கு வாடகைக் காரே எடுத்துக்கலாம். சார்ஜர் இருக்குன்னு ஆப் காட்டும், போய்ப் பார்த்தா திரை கருப்பா இருக்கும். எனக்கே ஒரு தடவை நண்பர் வண்டியில நடந்திருக்கு. அதனால எப்பவும் அடுத்த சார்ஜர் வரைக்கும் போற அளவு மிச்சம் வச்சுட்டு நிறுத்துங்க.

இவ்வளவு பேசிட்டு நான் என்ன எடுத்தேன்னு கேப்பீங்க. பெரிய பேட்டரி பஞ்ச் புக் பண்ணியிருக்கேன். என் கணக்குப்படியே பார்த்தா டியாகோ போதும். அந்த 5 ஸ்டாருக்கும், அப்பா குனியாம ஏறி இறங்கற உயரத்துக்கும்தான் மேல காசு கொடுக்கறேன், ரேஞ்சுக்கு இல்லை. பாதித் தொகை கையில் கட்டறேன். டியூ பெட்ரோல் மிச்சத்துக்குள்ள வர மாதிரி பார்த்துக்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை எர்த் குழி வெட்டினாங்க. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. "காரு வரதுக்கு முன்னாடியே அதுக்குக் குழி வெட்டறானே"ன்னு போற வர ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தார்.

உங்க தினசரி கிலோமீட்டர், வீட்டுல எர்த் நிலைமை, கார் நிறுத்தற இடம் மேடா பள்ளமா, பின் சீட்டுல யாரு உட்காருவாங்க, இந்த நாலையும் கமெண்ட்ல எழுதிட்டுக் கேளுங்க. டூட்டி முடிஞ்சதும் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றேன். வெறும் "எது பெஸ்ட் சார்?"னு கேட்டா பதில் வராது.